பழைய வெசலும் ரத்தோட்டை ஏற்றமும்

மாசி மகத்தில் மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்தின் ஐந்து தேர்களும் வீதிவலம் வந்து இருப்பிடம் சேர்ந்த மறுவாரம், ரத்தோட்டைக்கு அப்பாலுள்ள தோட்டப் பாடசாலையொன்றில் கணிதம் கற்பிக்கும் என் தமக்கை மகன் வீட்டுக்கு வந்து, கைத்தொலைபேசியில் ஒரு வாகனத்தின் படத்தைக் காட்டி, "மாமா, வெசல் ஒன்னு வந்திருக்கு; 2014ஆம் வருஷத்து வண்டி, ஓட்டம் எண்பத்திரண்டாயிரந்தான், பார்க்கப் புதுசாட்டம் இருக்கு; எடுக்கலாமா, சொல்லுங்க" என்று கேட்டான். பத்து வருஷச் சேமிப்பையும், மனைவியின் நகைகளையும், அவற்றுக்கு மேலே ஐந்து வருஷ லீசிங் தவணையையும் ஒரே பொருளில் முடக்கப்போகிற ஒருவனுக்குப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் விடை சொல்வது தர்மமாகாது என்று எனக்குப் பட்டது. ஆகவே, இக்கேள்விக்குப் பௌதிகவியல் என்ன விடை தருகிறது என்பதை இருவருமாக உட்கார்ந்து ஆராயத் தொடங்கினோம்.

விலையிலிருந்து தொடங்குவதுதான் உலக வழக்கம். ஆனால் நம் நாட்டில் வாகனத்தின் விலை அதன் தேகநிலையைச் சொல்வதில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் நிறுத்தப்பட்ட இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடியும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருஷங்களில், உலகத்தில் எங்கும் வயதேற ஏற விலை இறங்கும் ஒரு பண்டம், இங்கே வயதோடு விலையும் ஏறி, காணிபூமியைப்போல் மதிக்கப்பட்டது. 2022இல் பெற்றோல் வரிசைகளில் இரவு பகலாகக் காத்துக் கிடந்து, பின்னர் கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து வாங்கிய ஜனங்களுக்கு, ஒரு லீற்றரில் அதிக தூரம் ஓடும் ஹைபிரிட் வாகனத்தின்மேல் ஆசை பிறந்ததில் வியப்பில்லை. ஹொண்டா வெசல் என்ற சிறு 'ஜீப்'மேல் இலங்கையில் இருந்த அபிமானம் இவ்விரு காரணங்களாலும் மிகுந்தது.

ஜீப் என்ற சொல்லை நாம் தாராளமாக வழங்கிவிடுகிறோம். 1948இல் பிறந்த லாண்ட் ரோவர், ஏணிபோன்ற உருக்குச் சட்டத்தின்மேல் தனியாக அமர்த்திய உடலும், நான்கு சக்கரங்களுக்கும் போகும் எஞ்சின் பலமும் கொண்டு, தோட்டத்துக் கல் பாதைகளுக்கென்றே அவதரித்ததுபோல் உழைத்தது. 2013 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த வெசலோ, 'ஃபிட்' என்ற சிறு காரின் அத்திவாரத்தின்மேல் எழுப்பிய உயர்ந்த வீடு. பட்டை தீட்டிய இரத்தினக்கல்லின் முகத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதன் பெயரை ஆக்கியதாகச் சொல்வார்கள். முகம் உண்மையிலேயே அழகுதான். தரைக்கும் அடிவயிற்றுக்கும் இடையே 185 மில்லிமீற்றர் இடைவெளி இருப்பதால் சாதாரணக் கார்களின் வயிறு தட்டுமிடத்தில் இது தப்பிவிடும். ஆயினும் இங்கே பெரும்பாலும் காணப்படுபவை முன்சக்கரங்கள் மாத்திரம் இழுக்கும் வகை. மழையில் நனைந்த செங்குத்தான தோட்டப் பாதையில், பின்னிருக்கையில் மூவரும் அதன் பின்னால் அரிசி மூட்டையுமாக ஏறும்போது, பாரம் பின்சக்கரங்களுக்குச் சாய்ந்து, இழுக்க வேண்டிய முன்சக்கரங்கள் தரையில் பிடிப்பை இழந்து சுழலும். லயத்து வாசல்வரை எந்நாளும் ஏற வேண்டியவர்கள் இதை முதலிலேயே யோசித்துவிடுவது நல்லது. மருமகனின் பாதை தார் போட்டது, ஆகையால் நாங்கள் மேலே சென்றோம்.

வெசல் ஹைபிரிட்டின் உள்ளே 1.5 லீற்றர் பெற்றோல் எஞ்சின் 132 பரிவலுவும், மின்மோட்டார் ஏறக்குறைய 30 பரிவலுவும் தருகின்றன. இவ்விரண்டையும் சக்கரங்களோடு சேர்ப்பது ஏழு கியர்களும் இரண்டு கிளச்சுகளும் உடைய ஒரு நுட்பமான பெட்டி. ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளச், இரட்டைப்படைக் கியர்களுக்கு மற்றொன்று. சுவாமி காவுவோர் வாகனத்தைக் கீழே இறக்காமலே தோள் மாற்றுவதுபோல், ஒன்று விடும் கணத்திலேயே மற்றது ஏந்திக்கொள்ளும். இந்தத் தோள்மாற்றத்தை நடத்தும் கணினிக்கு ஆரம்பத்தில் பயிற்சி போதாமலிருந்தது. 2014ஆம் ஆண்டில் மாத்திரம் பெப்ரவரி, ஜூலை, ஒக்டோபர் மாதங்களில் உற்பத்தியாளர்களே ஜப்பானில் இவ்வாகனங்களைத் திரும்ப அழைத்துத் திருத்தினார்கள். ஆகவே முதல் வருஷத்து வண்டியை வாங்குகிறவர், அந்தத் திருத்தங்கள் அதற்குச் செய்யப்பட்டனவா என்பதைச் சட்டக இலக்கத்தைக்கொண்டு விசாரித்தறிவது அவசியம்.

திருத்தம் நடந்திருந்தாலும் மலை ஒரு கேள்வி கேட்கும். இக்கிளச்சுகள் உலர்ந்தவை, எண்ணெயில் மூழ்காதவை. சமதரையில் அவை ஒரு விநாடி உராய்ந்து பற்றிக்கொள்ளும். ரத்தோட்டை ஏற்றத்தில், பாரம் ஏற்றிய லொறியொன்றின் பின்னால், மனிதன் நடக்கும் வேகத்தில் நின்று நின்று ஊரும்போதோ, எஞ்சினின் வேகத்துக்கும் சக்கரத்தின் மந்தத்துக்கும் இடையே அகப்பட்டு அவை நிமிஷக்கணக்காக உராய்கின்றன. உராய்வில் பிறக்கும் உஷ்ணத்தை ஏந்திச் செல்ல எண்ணெய் இல்லாதபடியால் தகடுகளே அதைத் தாங்கவேண்டும். அடிக்கடி தாங்கிய தகடுகள் மெருகேறி, புறப்படும்போது ஒருவித நடுக்கத்தைக் காட்டும். அந்த நடுக்கத்தை விற்பவர் வீட்டு முற்றத்தில் காணமுடியாது. ஏற்றத்தில் நிறுத்தி, பிரேக்கை விட்டு, மெல்ல மெல்லப் புறப்படவைத்தால் அது பிரத்தியட்சமாகும்.

இனி, பற்றரி. இதுவே ஹைபிரிட்டின் இருதயம். இதன் வயதை அறிவதே வாங்குகிறவருடைய பெருங்கவலை. வெசலில் இலித்தியம் அயன் கலங்கள் 48 தொடராகக் கோக்கப்பட்டிருக்கின்றன. முழுவதும் நிரம்பினால் அவை கொள்ளும் சக்தி 0.86 கிலோவாற்று மணி, அதாவது நம் மின்பட்டியலில் 'அலகு' என்று போடுகிறார்களே, அந்த ஓர் அலகுக்கும் குறைவு. இத்தகைய கலம் உழைப்பினால் மாத்திரமன்றிச் சும்மா இருப்பதனாலும் மூப்படைகிறது: உள்ளே எதிர்மின்வாயின்மேல் மெல்லிய படலம் ஒன்று வளர்ந்துகொண்டே போய், சக்தியைச் சுமக்கும் இலித்தியத்தைச் சிறிது சிறிதாகத் தன்னுள் சிறைப்படுத்திவிடுகிறது. உஷ்ணம் பத்துப் பாகை உயர்ந்தால் இத்தகைய இரசாயன மாற்றங்களின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொதுவான கணக்கு. ஆகையால், எத்தனை கிலோமீற்றர் ஓடிற்று என்பதோடு, எங்கே வாழ்ந்தது என்பதையும் கேட்கவேண்டும். இம்மாவட்டத்துக்குள்ளேயே தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தின் வெயிலில் பகல் முழுவதும் நின்ற வண்டிக்கும், எல்கடுவையின் பனியில் கொட்டகைக்குள் நின்ற வண்டிக்கும், ஓட்டம் ஒன்றாகவே இருந்தாலும், பற்றரியின் ஆயுள் ஒன்றாக இராது. பற்றரியைக் குளிரவைக்கும் விசிறி வண்டியின் உள்ளிருந்தே காற்றை இழுக்கிறது. அதன் வழி தூசியால் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிஷம் போதும், ஆனால் பார்ப்பவர் அருமை.

தொடராகக் கோத்த கலங்களில் பலவீனமானது எதுவோ அதுவே முழுத் தொடருக்கும் எல்லை வகுக்கும். ஏரில் பூட்டிய மாடுகளுள் மெலிந்த மாட்டின் நடைதான் ஏரின் நடை. மூப்படைந்த பற்றரி சீக்கிரம் நிரம்பிச் சீக்கிரம் வெறுமையாகும். முகப்பிலுள்ள பற்றரிக் கட்டங்கள் ஏற்றத்தில் மளமளவென்று இறங்கி, இறக்கத்தில் அதே வேகத்தில் ஏறினால், 'பார், எவ்வளவு விரைவில் சார்ஜ் ஆகிறது' என்று விற்பவர் பெருமைப்படக்கூடும். உண்மையில் குடம் சிறுத்துவிட்டது என்பதே அதன் பொருள்.

இறக்கத்தைப்பற்றி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தபோது எங்கள் இருவருக்குமே பிரமிப்பாயிருந்தது. நால்வரோடும் மூட்டை முடிச்சுகளோடும் வண்டியின் திணிவு 1600 கிலோகிராம் என்றும், ரிவர்ஸ்டன் மலைப்பக்கத்திலிருந்து அது 700 மீற்றர் உயரம் இறங்குகிறதென்றும் வைத்துக்கொள்வோம். அது இழக்கும் அழுத்தசக்தி ஏறக்குறைய 110 இலட்சம் யூல்; மூன்று அலகுக்குச் சமம்; 37 லீற்றர் தண்ணீரை நம் வீட்டுச் சாதாரண வெப்பநிலையிலிருந்து கொதிக்கவைக்கப் போதுமானது. ஹைபிரிட் வண்டி இறங்கும்போது மோட்டாரையே மின்பிறப்பாக்கியாக்கி இச்சக்தியைப் பற்றரிக்குள் சேமிக்கிறது என்பது உண்மை. ஆனால் பற்றரியின் கொள்ளளவே ஓர் அலகுக்குக் குறைவு. அதிலும் கலங்களின் நலன் கருதிக் கணினி நடுப்பகுதியை மாத்திரமே உபயோகிக்கிறது. எனவே சில வளைவுகளுக்குள் பற்றரி நிரம்பிவிட, எஞ்சிய பெரும்பங்கை எஞ்சினின் தடையும் பிரேக்குகளும் உஷ்ணமாகக் காற்றில் விடவேண்டியிருக்கிறது. 'ஹைபிரிட்டுக்குப் பிரேக் தேயாது' என்று கொழும்பில் சொல்வது கொழும்புக்கு ஓரளவு பொருந்தும். நக்கிள்ஸ் மலையிலிருந்து இறங்குகிறவருக்கு அது ஆபத்தான போதனை.

பிரேக் திரவத்தின் இயல்பை இங்கே சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். உயிரோடு சம்பந்தப்பட்டதாயினும் வாங்குகிறவர்கள் பேசாத விஷயம் இது. அத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தைத் தானாக உறிஞ்சும் குணமுடையது. டொட் 3 என்ற வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ்வரை கொதியாது. சில வருஷ ஈரத்தைக் குடித்தபின் அந்த எல்லை 140 வரை தாழ்ந்துவிடலாம். நீண்ட இறக்கத்தில் சூடேறிய பிரேக்கின் அருகே அது கொதித்தால் ஆவிக்குமிழிகள் உண்டாகும். திரவத்தை அமுக்கமுடியாது, ஆவியை அமுக்கலாம். ஆகையால் மிதித்த மிதி பஞ்சில் மிதித்ததுபோல் ஆழ்ந்து போகும், வண்டி நிற்காது. மழையும் மூடுபனியும் வருஷத்தில் பாதி நாள் சூழ்ந்திருக்கும் நம் மலைகளில், திரவம் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்ற கேள்விக்கு எழுத்தில் விடை இல்லையெனில், வாங்கிய அன்றே மாற்றிவிட வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஓட்டமானியின் இலக்கத்தை மாற்றுவது தந்திரக்காரருக்குக் கடினமில்லை. ஜப்பானிய ஏலச் சீட்டை அசல் என்று உறுதிப்படுத்தி, அதிலுள்ள கிலோமீற்றரோடும், பிரேக் மிதியின் ரப்பர் தேய்மானத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். டயரின் பக்கத்தில் பொறித்த நான்கு இலக்கங்களுள் முதலிரண்டு வாரம், பின்னிரண்டு வருஷம். பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக லீசிங் நிறுவனமொன்றின் பெயர் இன்னும் இருக்கிறதா என்பதும் பார்க்கத்தக்கது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டையே வெள்ளத்தில் ஆழ்த்தியபின், இருக்கைப் பட்டியை முழுநீளத்துக்கு இழுத்து அதன் அடியில் சேற்றுக்கறை உண்டா என்று தேடுவதும் விவேகம்; நீரில் நின்ற உயரழுத்த மின்னிணைப்புகள் அரித்துப்போவது மாதங்கள் கழித்துத்தான் தெரியவரும்.

இவ்வளவையும் மனத்திற்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, மாத்தளையிலுள்ள எங்களுக்குப் பழக்கமான கராஜ் பாஸையும் அழைத்துக்கொண்டு விற்பவரின் வீட்டுக்குப் போனோம். அவர் நல்ல மனிதர். ரத்தோட்டைவரை போய்வர மனமுவந்து சாவியைத் தந்தார். ஏற்றத்தில் நிறுத்திப் புறப்பட்டோம், நடுக்கமில்லை. மருமகனுடைய முகம் மலர்ந்தது. ஆனால் மூன்றாவது வளைவுக்குள் பற்றரிக் கட்டங்கள் இரண்டாகக் குறைந்தன. ஸ்கேன் கருவியைப் பொருத்தியிருந்த பாஸ், "மாத்தயா, இங்க பாருங்க, ரெண்டு செல் மட்டும் ஏத்தத்துல தள்ளிப் போகுது, தரையில நின்னா ஒன்னுமே காட்டாது" என்றார். திரும்பும் இறக்கத்தில் கட்டங்கள் நொடியில் நிரம்பின.

அன்றிரவு கணக்குப் பார்த்தோம். மாதம் 1000 கிலோமீற்றர் ஓட்டுகிறவருக்கு, சாதாரணக் கார் லீற்றருக்கு 10 கிலோமீற்றரும் இது 15உம் ஓடினால், லீற்றர் 300 ரூபாய் என்ற கணக்கில் மாதம் 10,000 ரூபாய் மிச்சம். வருஷத்துக்கு ஓர் இலட்சத்து இருபதினாயிரம். பற்றரி மாற்றப் பல இலட்சம் வேண்டும். வாங்கிய முதல் இரண்டு வருஷங்களுக்குள் அது வந்து சேர்ந்தால் மிச்சம் முழுவதும் அதற்கே போய், தவணை மாத்திரம் தோளில் நிற்கும். அதனால் ஹைபிரிட்டையே வெறுத்தொதுக்க வேண்டும் என்று நான் கருதவில்லை. பற்றரி நல்ல நிலையிலோ, புதிதாக மாற்றப்பட்ட அத்தாட்சியோடோ கிடைக்கும் வெசல், மாத்தளையிலிருந்து தினமும் மலையேறும் ஓர் ஆசிரியருக்குத் தக்க வாகனம் என்பதே என் அபிப்பிராயம். விற்பவரிடம் பற்றரியின் நிலையை ஒளியாமல் சொன்னோம். அவர் கொஞ்சம் விலை குறைத்தார். அக்குறைப்பு புதுப் பற்றரிக்குக் காணாது என்பதால் வணங்கி விடைபெற்றுக்கொண்டோம்.

உக்குவளையில் 2016ஆம் வருஷத்து வெசல் ஒன்று இருப்பதாக நேற்று மருமகன் வந்து சொன்னான். இம்முறை படத்தைக் காட்டவில்லை. பகல் எங்கே நிறுத்திவைப்பார்கள் என்றும், பிரேக் திரவம் எப்போது மாற்றினார்கள் என்றும் விசாரித்துக் குறித்துக்கொண்டு வந்திருந்தான். வருகிற ஞாயிறு விடியற்காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே வருவதாக அறிவித்திருக்கிறோம். நான், அவன், பாஸ், பாரத்துக்காக என் தமக்கையின் கணவர், ஆக நால்வர் ஏறுவோம்.