தோட்ட வேலியில் விழும் பொத்தல்களும் அவற்றை அடைக்கும் முறையும்

கத்திரி, மிளகாய் முதலிய தோட்டப் பயிர்களுக்கு உழவும் உரமும் எவ்வளவு அவசியமோ, வேலியும் அவ்வளவு அவசியமாகும். ஆயினும் விவசாயிகளிற் பலர் நாற்று நடும் சமயத்தில் வேலியை ஒருமுறை சுற்றிப் பார்ப்பதோடு நின்றுவிடுகின்றனர். ஒரு சாண் அகலப் பொத்தலில் முதலில் நுழைவது ஆட்டுக்குட்டி. அவ்வழி தேய்ந்து அகன்றபின் தாயாடும், அதன்பின் கன்றுகாலியும் நுழையும். பயிரை அழிக்கும் கால்நடையைப் பிடித்தவர் 24 மணி நேரத்துக்குள் பட்டிக்கு அனுப்பவேண்டுமென்று 1871-ஆம் வருஷத்துக் கால்நடை அத்துமீறல் சட்டம் விதித்தது. உடையவர் அபராதம் செலுத்தி மாட்டை மீட்டுக்கொள்ளலாம்; தின்ற நாற்றை மீட்க வழியில்லை. அண்டை நிலத்தாரோடு மனஸ்தாபமும் மிஞ்சும்.

காரணம் அறிதல்

காலையில் வேலியோரமாக நடந்து சென்றால், முள்ளில் ஒட்டிய மயிரும் மண்ணிற் பதிந்த குளம்படியும் பொத்தல் உள்ள இடத்தைக் காட்டும். அங்குள்ள கம்புகளை அசைத்துப் பார்க்கவேண்டும். ஆடும் கம்பு, பெரும்பாலும் மண்மட்டத்தில் உளுத்தோ கறையான் அரித்தோ இருக்கும். அதை மாற்றாமல் பக்கத்துக் கம்போடு பிணைத்தால், அடுத்த பெருங்காற்றில் இரண்டும் சாயும்.

அடைக்கும் விதம்

பொத்தலுக்கு இருபுறமும் ஒரு சாண் மிகும்படி மூங்கிற் பிளாச்சுகளை நறுக்கி, கம்புகளுக்கு உள்ளும் புறமுமாக மாறிமாறிச் செருகி, உறுதியான கம்புகளோடு கட்டவேண்டும். முடிச்சுகள் தோட்டத்தின் உட்புறம் இருத்தல் நலம். வெளிப்புறம் இருப்பின் கால்நடைகள் உராய்ந்து கயிறு தேயும். அடியில் பெருச்சாளி வளை இருந்தால், முதலில் கல்லும் மண்ணும் இட்டு இடித்து மூடவேண்டும்.

உளுத்த கம்பின் இடத்தில் உயிர்க்கம்பு நடுவதே சிறந்தது. கொங்கு நாட்டுத் தோட்டங்களில் இதற்குக் கிளுவை பெயர்பெற்றது. மழைக்காலம் தொடங்குமுன் 4 அடி நீளக் கம்பை அடி, நுனி மாறாமல் 1 அடி ஆழத்தில் நட்டு, மண்ணை நன்கு மிதித்து இறுக்கவேண்டும். கிளுவை வேலியை வெட்டாமல் உயர வளரவிட்டால் அடிப்பாகம் வெறுமையாகிச் சந்து விழும். இடுப்பளவிற் கவாத்துச் செய்துவந்தால் பக்கக்கிளைகள் தழைத்து அடி அடர்த்தியாகும்.

நட்ட கம்பு வேர்பிடிக்கும் வரையில் வேலமுள் அல்லது இலந்தைமுள் வைத்து அடைக்கலாம். வெட்டுவாய் தோட்டத்தின் உள்ளேயும் நுனி வெளியேயும் இருக்கவேண்டும். சீமைக் கருவேல் முள்ளாயின், காயுள்ள கிளைகளை விலக்குக. அக்காய்களைத் தின்னும் ஆடுமாடுகளின் எச்சத்தோடு விதை பரவி, நிலத்தைப் பாழாக்கும்.

கிராம அதிகாரிகளுக்கு

பொது எல்லையிலுள்ள வேலியைச் செப்பனிடுகையில் ஒவ்வொரு தடவையும் ஒரு சாண் தள்ளிக் கம்பு நடுவதால் வழக்குகள் மூளுகின்றன. ஆகையால் விதைப்புக்கு முன்பே எல்லைக்கல்லைக் காட்டி, எப்பகுதியை எவர் அடைப்பதென்று இருதரத்தாரையும் ஒத்துக்கொள்ளச் செய்தல் நன்று.

இரண்டு கம்பு, நாலு பிளாச்சு, சிறிது கயிறு, அரைமணி நேர வேலை: பொத்தல் ஒரு சாணாக இருக்கும்போது ஆகும் செலவு இவ்வளவே. அது ஒரு பாகமாக அகலும் வரை காத்திருப்பவர், வேலிக்கான செலவோடு பயிரையும் சேர்த்து இழப்பார்.