மானிடவியலும் காலநிலை மாற்றமும்

காலநிலை மாற்றத்தை மக்கள் எவ்வாறு உணர்கின்றனர், எவ்வாறு விளங்கிக்கொள்கின்றனர் என்பதைக் களஆய்வின் வழி அறிவது மானிடவியலின் பங்காகும். வெப்பநிலை எத்தனை பாகை உயர்ந்தது என்பதை வெப்பமானி காட்டும். அதனால் ஓர் ஊரார் எதை இழந்தனர் என்பதைக் காட்டாது.

சைபீரியாவின் வில்லூய் ஆற்றுப் பகுதியில் மாடும் குதிரையும் வளர்க்கும் சாகா மக்களிடையே அமெரிக்க மானிடவியலாளர் சூசன் கிரேட் நெடுங்காலம் ஆய்வு செய்தார். கடுங்குளிரைக் கொண்டுவருவது 'குளிர்கால எருது' என்பதும், அதன் கொம்புகள் ஒவ்வொன்றாக விழக் குளிர் தணியும் என்பதும் இவர்களின் தொன்மம். அவ்வெருது இப்பொழுது வருவதில்லை என முதியோர் அவரிடம் கூறினர். இதையொட்டியே 2008இல் வெளியான அவரது ஆய்வுக்கட்டுரை தலைப்பிடப்பட்டது.

குளிர் குறைவது நன்மைதானே எனத் தோன்றலாம். ஆனால் நிலத்தடி உறைபனி உருகுவதால் புல்வெளிகளில் நீர் தேங்குகிறது. நீண்ட குளிர்காலம் முழுவதும் மாடுகளுக்கு வேண்டிய புல்லைக் கோடையில் அறுத்து உலர்த்திச் சேமிப்பது கடினமாகிறது.