பண்டிகைச் சமையலும் நள்ளிரவுத் திருப்பலியும்

தொலைக்காட்சியில் காலை வேளையில் வரும் கிறிஸ்தவ நிகழ்ச்சிகளை நம்மில் பலர் பார்த்திருப்போம். முதலில் ஒரு பாடல், பிறகு இறைவார்த்தை, அதன்பின் குடும்ப வாழ்க்கை பற்றிய உரையாடல். கிறிஸ்மஸ் நெருங்கும் நாள்களில் கடைசியாக ஒரு சமையலும் உண்டு. கசங்காத புடவை உடுத்திய அம்மையார் ஒருவர் மாவைக் கலக்கித் தட்டில் ஊற்றி அடுப்பினுள் வைப்பார். அடுத்த நிமிடமே பொன்னிறமான கேக் வெளியே வந்துவிடும். சிறு வயதில் இந்த அதிசயத்தைக் கண்டு நாங்கள் வாய் பிளந்ததுண்டு. வெளியே வருவது வேறொரு கேக் என்பதும், அதை முன்பே சுட்டு மறைவாக வைத்திருந்தார்கள் என்பதும் பின்னர்தான் எங்களுக்குப் புரிந்தது.

சென்ற திருவருகைக் காலத்தின் முதல் வாரத்தில், பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கும் ஒரு காலை நிகழ்ச்சி நடத்தும் வாய்ப்புக் கிடைத்தது. எங்களுடையது பள்ளி ஒலிபெருக்கியில், முதல் மணிக்கு முன் பத்து நிமிடம், ஐந்து நாள்கள். செபத்திற்கும் பாடலுக்கும் போட்டி போட்டுக்கொண்டு பெயர் கொடுத்தோம். குடும்பப் பேச்சுக்கும் ஆள் கிடைத்தது. சமையலுக்கு மட்டும் ஒருவரும் முன்வரவில்லை. "சமையல் வேண்டாம் சிஸ்டர், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூடச் சிரிப்பார்கள்" என்றோம். எங்கள் வகுப்பாசிரியையான அருட்சகோதரி சற்று யோசித்துவிட்டு, "செய்முறை வேண்டாம். உங்கள் வீட்டில் எந்தப் பலகாரத்தை எந்தத் தேதியில், எத்தனை மணிக்குச் செய்கிறார்கள் என்று மட்டும் கேட்டு எழுதி வாருங்கள்" என்றார்.

மறுநாள் வந்த தாள்களைக் கரும்பலகையில் தேதிவாரியாக எழுதினோம். கேக்குக்கான உலர்ந்த திராட்சையையும் பழங்களையும் சில வீடுகளில் நவம்பரிலேயே ஊறப் போட்டுவிடுகிறார்கள். டிசம்பர் 15ஐ ஒட்டி அதிரச மாவு, 18 அளவில் முந்திரிக்கொத்து, 20இல் கலகலா, 21, 22இல் அச்சு முறுக்கு, 24 மதியம் ஆப்பத்திற்கு மாவாட்டுதல். எங்கள் தூத்துக்குடியின் புகழ்பெற்ற மக்ரூனுக்கு மட்டும் யாரும் தேதி எழுதவில்லை. அதைக் கடையில் வாங்குவதே எல்லார் வீட்டிலும் வழக்கம். முட்டை வெள்ளைக்கருவை அடித்து, சர்க்கரையும் முந்திரிப்பருப்பும் சேர்த்து, மெல்லிய சூட்டில் உலர வைத்து எடுக்கும் பொறுமை வீட்டு அடுப்புக்கு இல்லை போலும்.

ஆனால் கரும்பலகையில் 24ஆம் தேதி மாலைக்குப் பிறகு ஏறக்குறைய வெற்றிடமாக இருந்தது. பண்டிகைக்கு மிக நெருங்கிய நேரத்தில் ஏன் எந்தப் பலகாரமும் செய்வதில்லை? விடை எளிது. இரவு பதினோரு மணிக்கெல்லாம் குடும்பம் முழுவதும் கோயிலில் இருக்க வேண்டும். கிறிஸ்மஸ் பலகாரம் என்று நாம் சொல்பவை எல்லாம் பல நாள் முன்பே செய்து வைக்கத்தக்கவை. நம் முன்னோர் ருசியை மட்டும் பார்த்து இவற்றைத் தேர்ந்தெடுக்கவில்லை, திருப்பலி மணியையும் பார்த்தே தேர்ந்தெடுத்தார்கள் என்று எங்களுக்குத் தோன்றியது. தொலைக்காட்சி அம்மையார் மறைத்து வைத்த இரண்டாவது கேக்கும் இதே உபாயந்தானே!

இவை எப்படிக் கெடாமல் இருக்கின்றன என்பதை எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் கேட்டோம். உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் வளரத் தண்ணீர் தேவை. அச்சு முறுக்கு மாவில் தேங்காய்ப்பாலும் முட்டையும் இருக்கின்றன. இரண்டும் ஒரே நாளில் கெட்டுப்போகும் பொருள்கள். ஆனால் காய்ந்த எண்ணெயில் மாவு விழுந்ததும் 'சொர்' என்று எழும்பும் நுரை, மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறுவதைத்தான் காட்டுகிறது. நுரை அடங்கினால் நீர் பெரும்பாலும் போய்விட்டது என்று பொருள். எங்கள் ஆச்சிமார் "சத்தம் அடங்கட்டும், பிறகு எடு" என்று சொல்வது இதனால்தான். அதிரசத்தின் கதை வேறு. அது மெத்தென்றே இருக்கும், ஈரமும் உண்டு. ஆனால் வெல்லப்பாகு அந்த ஈரத்தைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்வதால் நுண்ணுயிர்களுக்கு அது எளிதில் கிட்டுவதில்லை. (அதிரசம் தீபாவளிப் பலகாரம் ஆயிற்றே என்று எங்கள் இந்துத் தோழியர் கேட்டார்கள். உண்மைதான். அவர்கள் வீட்டுத் தட்டு தீபாவளிக்கு நம் வீட்டுக்கு வருகிறது, அதே தட்டு கிறிஸ்மஸுக்குத் திரும்பிப் போகிறது.)

அச்சு முறுக்கில் இன்னொரு நுட்பமும் உண்டு. அச்சை எண்ணெயிலேயே வைத்து நன்றாகச் சூடேற்றிய பிறகே மாவில் முக்க வேண்டும். சூடு போதாவிட்டால் மாவு அச்சில் ஒட்டாது. மாவில் அச்சை முக்கால் பங்கு மட்டுமே அமிழ்த்த வேண்டும். மேல் விளிம்பை மாவு மூடிவிட்டால் முறுக்கு அச்சை விட்டுக் கழலாது. புது அச்சு வாங்கினால் அரிசி கழுவிய நீரில் சில நாள் ஊறப் போட்டுப் பழக்குவார்கள். இதைச் சொன்ன நாளில் ஆறாம் வகுப்பினர் சிரிக்கவில்லை. மதிய இடைவேளையில் வந்து சந்தேகம் கேட்டார்கள்.

முந்திரிக்கொத்தைப் பற்றியும் கேட்டார்கள். அதில் முந்திரிப்பருப்பே கிடையாது! நாகர்கோவில் பக்கத்திலிருந்து இங்கு வந்து குடியேறிய குடும்பத்துத் தோழி ஒருத்திதான் விளக்கினாள். வறுத்துப் பொடித்த பாசிப்பயறு, வெல்லம், தேங்காய், எள் ஆகியவற்றைச் சேர்த்துச் சிறு உருண்டைகளாகப் பிடித்து, மூன்று மூன்றாக அரிசி மாவுக் கரைசலில் தோய்த்துப் பொரிக்கிறார்கள். ஒட்டிக்கொண்டு வரும் உருண்டைகள் திராட்சைக் கொத்தைப் போலிருக்கும். மலையாளத்தில் திராட்சைக்கு முந்திரி என்று பெயர். தேங்காயை ஈரம் போக வறுத்திருந்தால் இரண்டு வாரம்கூடத் தாங்குமாம். மாறாக, முந்திரிப்பருப்பு பிரேசில் நாட்டு மரத்தினுடையது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது. புனித பிரான்சிஸ் சவேரியார் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்த 1542ஆம் ஆண்டும் அதே காலத்தைச் சேர்ந்ததே.

கெடாத பலகாரத்தின் அருமையை நாங்கள் ஏட்டில் மட்டும் படிக்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்தில் பெய்த பெருமழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தூத்துக்குடி நகரில் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. எங்களில் ஒருத்தியின் வீட்டில் அடுப்பு தண்ணீருக்குள் இருந்தது. பரணில் ஏற்றி வைத்திருந்த இரண்டு தகர டின்களில் கிறிஸ்மஸுக்குச் செய்த கலகலாவும் முந்திரிக்கொத்தும் இருந்தன. பக்கத்து வீட்டுக் குழந்தைகளையும் சேர்த்து ஒன்பது பேர் இரண்டு நாள் அவற்றைத் தின்றே பசியாறினார்கள். பண்டிகை வந்தபோது டின் காலி.

அந்தக் காலத்துக் கட்டுப்பாடுகளும் இந்தச் சமையல் வரிசையை வகுத்திருக்கின்றன. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டப்படி கிறிஸ்மஸுக்கு முந்திய நாள் ஒருசந்தியும் சுத்தபோசனமுமான நாள். பிறகு 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்பு விதிகளை மாற்றியமைத்தார். இப்போது சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே இரண்டும் சேர்ந்த நாள்கள். நற்கருணை வாங்குவதற்கு முன்னும், நள்ளிரவு முதல் தண்ணீர்கூட அருந்தக் கூடாது என்ற விதி இருந்தது. தண்ணீர் அருந்தலாம் என்று 1953இல் தளர்த்தியவரும், 1957இல் உணவுக்கு மூன்று மணி நேர இடைவெளி போதும் என்றவரும் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர். 1964இல் அது ஒரு மணி நேரமாயிற்று. எங்கள் தோழியின் கொள்ளுப்பாட்டிக்கு எண்பத்தேழு வயது. தாம் புதுநன்மை வாங்கிய காலையில், முகம் கழுவும்போது வாய்க்குள் ஒரு சொட்டு நீர் போய்விட்டதோ என்று பயந்து அழுததை இன்றும் சொல்கிறார். வீடு முழுக்கப் பலகார மணம், ஆனால் ஒன்றையும் தொடக்கூடாது! பூசை முடிந்து வந்து வாயில் போடும் முதல் அதிரசத்திற்கு அந்நாளில் இருந்த சுவை இப்போது இல்லை என்பது அவரது தீர்மானம்.

இறைவார்த்தைப் பகுதிக்கு ஒருநாள் யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டோம். சீடர்கள் இரவெல்லாம் வலை வீசிக் களைத்துக் கரைக்கு வருகிறார்கள். உயிர்த்த ஆண்டவர் கரி மூட்டி, அதன்மேல் மீனும் கூடவே அப்பமும் வைத்துக்கொண்டு, காலை உணவருந்த அவர்களை அழைக்கிறார். கடலுக்குப் போகும் தந்தையர் வீட்டிலிருந்து வரும் மாணவியர் நம் பள்ளியில் பலர். விடியலில் கரை சேர்பவரின் பசி அவர்களுக்குத் தெரியும். எங்கள் கண்ணில் பட்டதோ, அங்கே அடுப்பைப் பார்த்துக்கொண்டவர் யார் என்பதுதான்.

இதை நாங்கள் கவனித்ததற்கு ஒரு காரணம் உண்டு. கரும்பலகையில் 24 இரவு ஏறக்குறைய வெற்றிடம் என்றோம். ஒரு தாளில் மட்டும் அந்த இடம் நிரம்பியிருந்தது. இரவு 11 முதல் 2 வரை, கறிக்குழம்பு, இடியாப்பம், தேங்காய்ப்பால், அம்மா. அவ்வளவுதான் எழுதியிருந்தது. அந்தத் தோழியின் வீட்டில் தந்தைவழி உறவினர் எல்லாருமாகப் பதினான்கு பேர் கோயிலிலிருந்து நேரே வந்து சூடாகச் சாப்பிடுவது வழக்கம். அவளுடைய தாயார் திருமணமாகி வந்த ஆண்டிலிருந்து ஒருமுறைகூட நள்ளிரவுத் திருப்பலி கண்டதில்லை. காலையில் தனியே ஒரு திருப்பலிக்குப் போய்வருவார். பாலனைக் குடிலில் வைக்கும்போது அடிக்கும் மணிச்சத்தம் அடுப்பங்கரைக்குக் கேட்குமாம்.

இதை ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும் என்று நாங்கள் துடித்தோம். தோழி அழுதுவிட்டாள். அப்பாவைப் பற்றி ஊர் தவறாகப் பேசும் என்றாள். அருட்சகோதரி எங்களைக் கடிந்துகொண்டு, பெயரோ வீடோ தெரியாமல் ஒரே கேள்வியை மட்டும் வாசிக்கச் சொன்னார். அதன்படி நான்காம் நாள், "நள்ளிரவுத் திருப்பலி நடக்கும்போது உங்கள் வீட்டு அடுப்பைப் பார்ப்பது யார்?" என்று மட்டும் கேட்டோம். மறுநாள் கேள்விப் பெட்டியில் பதினொரு சீட்டுகள் கிடந்தன. எட்டில் 'அம்மா', இரண்டில் 'ஆச்சி', ஒன்றில் 'மைனி'.

எல்லாரும் எங்களோடு உடன்படவில்லை. பண்டிகை நாளிலும் பிள்ளைகள் பழஞ்சோறா தின்பது என்று ஒரு தாயாரே கேட்டனுப்பினார். பசித்து வருபவனுக்குச் சோறு போடுவதும் பூசைதான் என்றார் ஓர் ஆச்சி. அது பொய்யென்று எங்களால் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தப் பூசையை ஆண்டுதோறும் ஒருவரே செய்வானேன் என்று கேட்காமலும் இருக்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் சமையல் பகுதியில் எந்தப் பலகாரத்தையும் சொல்லாமல், ஒரு நேர அட்டவணையை வாசித்தோம். இடியாப்பம் காத்திருக்காது, ஆறினால் விறைத்துவிடும். ஆகவே அன்றிரவு இடியாப்பத்துக்கு விடுமுறை. ஆப்ப மாவு காத்திருக்கும். முன்பு கள் ஊற்றினார்கள், இப்போது ஈஸ்ட். நாம் கோயிலில் இருக்கும்போது அது தன் பாட்டுக்குப் பொங்கும். கறிக்குழம்பை மாலையிலேயே வைத்து, புறப்படுமுன் ஒருமுறை நன்றாகக் கொதிக்கவிட்டு மூடி, வந்ததும் மறுபடி கொதிக்கவிடலாம். மசாலா ஊறி முன்னிலும் நன்றாகவே இருக்கும். தேங்காய்ப்பாலை மட்டும் வந்த பிறகே பிழிய வேண்டும். ஆப்பச் சட்டியைச் சுழற்றக் கையுள்ள எவராலும் முடியும் என்பதையும் சேர்த்துக்கொண்டோம்.

அந்தத் தோழி அட்டவணையை எழுதி வீட்டில் அடுப்புக்கு மேலே ஒட்டினாள். இரண்டு வாரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 24ஆம் தேதி இரவு பத்தரைக்கு அவளுடைய அப்பா அடுப்பங்கரை வாசலில் வந்து நின்று, "குழம்பு கொதித்தாயிற்றா? புடவை மாற்றிக்கொண்டு வா" என்றாராம்.

வீடு திரும்பியபின் ஆப்பம் சுட்டவர் அவர்தான். முதல் நான்கு ஆப்பம் சட்டியை விட்டு வரவே இல்லை. பதினான்கு பேரும் மூன்று மணிக்குத்தான் சாப்பிட்டார்கள். அம்மா கோயிலில் என்ன செய்தார் என்று தோழியிடம் ஆவலோடு கேட்டோம். பாலன் பிறப்பு மணி அடித்தபோது விழித்திருந்தாராம், கொஞ்சம் அழுதாராம். பிரசங்கம் தொடங்கியதும் மகள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாராம். பின்வரிசைப் பெரியம்மா எழுப்பச் சொல்லி முதுகில் தட்டினாராம். தோழி எழுப்பவில்லை.

— பத்தாம் வகுப்பு மாணவியர்