முதல் பிஸ்டல்: அவசரம் வேண்டாம்

பதக்க ஆசையில் கடைக்கு ஓடும் பெற்றோர்கள் பணத்தைக் கொட்டுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை.

பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஜூலை 28 அன்று பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் பிரிவில் மனு பாக்கர் வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். இரண்டே நாளில் சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து கலப்பு அணிப் பிரிவில் இன்னொரு வெண்கலம். இப்படி ஒரு காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த குழந்தை, "எனக்கும் ஒரு பிஸ்டல்" என்று கேட்பதில் வியப்பில்லை. சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில்தான். சுடுதளத்துக்குப் போகுமுன் கடைக்குப் போகிறார் அப்பா.

கடையில் இருப்பவை பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. சுவிட்சர்லாந்தின் மொரினி, ஆஸ்திரியாவின் ஸ்டேயர், ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், இத்தாலியின் பார்தினி. போட்டித் தரமுள்ள ஏர் பிஸ்டல் ஒன்றின் விலை ஒன்றரை, இரண்டு லட்சத்தைச் சர்வசாதாரணமாகத் தொடும். நடுத்தரக் குடும்பத்துக்கு இது விளையாட்டுச் சாமான் அல்ல. ஒரு கல்லூரிப் படிப்பின் கட்டணம்.

விலை கூடினால் கவலை தீர்ந்தது என்றும் சொல்வதற்கில்லை. 2021 ஜூலையில் டோக்கியோவில் நடந்ததே சாட்சி. தகுதிச் சுற்றின் நடுவே அதே மனு பாக்கரின் பிஸ்டலில் கெம்பி உடைந்துபோனது. பழுது பார்த்துத் திரும்புவதற்குள் ஏறத்தாழ 20 நிமிடம் கரைந்தது. 75 நிமிடத்தில் 60 முறை சுட்டாக வேண்டிய போட்டி அது. அவர் எடுத்தது 575 புள்ளி. இறுதிச் சுற்று இரண்டே புள்ளியில் நழுவியது. உலகத் தரக் கருவியும் உடையும். எனவே வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இது கெட்டுப்போனால் நம் ஊரில் யார் சரிசெய்வார்? உதிரி பாகம் எத்தனை நாளில் வரும்?" என்பதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளும்தான் அடிப்படை. துளை 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாமல், ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமல் இருக்கும் காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டி ஏர் பிஸ்டல் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். அடுத்த படியான பாயிண்ட் 22 பிஸ்டல் அப்படியல்ல. அது வெடிமருந்துத் தோட்டாவில் இயங்கும் துப்பாக்கி. லைசென்ஸ் கட்டாயம், 21 வயது நிறையாதவர் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாது. இளையவர்கள் மேற்பார்வையில் பயிற்சி பெற மட்டும் சட்டம் வழிவிடுகிறது. ஆக, சிறுவர்களுக்கு ஏர் பிஸ்டலே வாசல்.

கைக்கு ஏற்ற கருவி

போட்டி விதிப்படி ஏர் பிஸ்டலின் எடை 1,500 கிராமுக்கு மேல் போகக் கூடாது. சந்தையில் கிடைப்பவை ஒரு கிலோவை ஒட்டியே இருக்கின்றன. ஒரு கிலோதானே என்று தோன்றும். நீட்டிய ஒற்றைக் கையில், மணிக்கட்டுக்கு எந்த முட்டும் கொடுக்காமல், 60 முறை உயர்த்தி இறக்கிப் பார்த்தால் தெரியும். பன்னிரண்டு வயதுச் சிறுமியின் தோள் அதற்குத் தயாராக இருக்காது. குட்டைக் குழலும் குறைந்த எடையும் கொண்ட மாடல்கள் இதற்காகவே வருகின்றன.

எடையைவிட முக்கியம் கைப்பிடி. அது செருப்பு அளவுபோலச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று வருகிறது. வலக்கை, இடக்கைக்குத் தனித்தனி. கண்ணை மூடிப் பிஸ்டலை உயர்த்தி, பிறகு கண்ணைத் திறக்கும்போது முன்குறியும் பின்குறியும் தாமாகவே ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கைப்பிடி பொருந்தவில்லை. மரக் கைப்பிடியாக இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் மக்கு பூசியும் கைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். வளரும் பிள்ளைக்கு ஓரிரு ஆண்டில் இந்த அளவே மாறிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எந்தக் கண் ஆதிக்கக் கண் என்பதையும் சோதித்துவிட வேண்டும். இரு உள்ளங்கைகளுக்கிடையே சிறு இடைவெளி விட்டுத் தொலைவில் உள்ள பொருளைப் பார்த்து, ஒவ்வொரு கண்ணாக மூடினால் விடை கிடைக்கும். செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் வலக்கைப் பிஸ்டலை வாங்கிவிட்டுப் பின்னால் வருந்துகிறவர்கள் உண்டு.

அடுத்தது விசை. அதை இழுக்கத் தேவைப்படும் விசை அளவு குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும் என்பது விதி. மின்னணு விசை, இயந்திர விசை என இரு வகை. முன்னது மிருதுவானது, விலையும் கூடுதல். பேட்டரி வேண்டும், பழுதானால் நிபுணர் வேண்டும். தொடங்குகிறவருக்கு இயந்திர விசையே போதும்.

பழைய பிஸ்டலைப் பாதி விலைக்கு வாங்குவது நல்ல யோசனைதான். ஆனால் ஓர் எச்சரிக்கை. இந்தப் பிஸ்டல்கள் 200 பார் அழுத்தக் காற்று நிரப்பிய சிலிண்டரில் இயங்குகின்றன. சிலிண்டரில் தேதி பொறித்திருப்பார்கள். அலுமினிய சிலிண்டருக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கொடுக்கும் ஆயுள் 10 ஆண்டு. தேதி தாண்டியதைக் கையில் பிடித்துச் சுடுவது உயிரோடு விளையாடுவது. மாற்று சிலிண்டரின் விலையையும் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும்.

இன்னொரு துப்பாக்கி உலகம்

ஓடி, குனிந்து, மறைப்புக்குப் பின்னாலிருந்து சுடும் 'பிராக்டிகல் ஷூட்டிங்' போட்டிகளை வெளிநாட்டுப் படங்களில் பார்த்து மயங்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். இதற்கான சர்வதேசக் கூட்டமைப்பு 1976-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பிறந்தது. முதல் தலைவர் ஜெஃப் கூப்பர். துல்லியம், ஆற்றல், வேகம் மூன்றும் சேர்ந்ததே ஆட்டம். பெற்ற புள்ளியை எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுத்து மதிப்பிடுவார்கள். குழல் முனை பாதுகாப்புக் கோணத்தைத் தாண்டித் திரும்பினால் அந்த நொடியே வெளியேற்றம்.

அங்கே தொடங்குகிறவருக்குச் சொல்லப்படும் அறிவுரையும் எளிமையானது: காவலர்கள் வைத்திருப்பது போன்ற முழு அளவு 9 மில்லிமீட்டர் பிஸ்டல், நல்ல உறை, மிச்சப் பணத்துக்குத் தோட்டா. ஆனால் இந்தியாவில் 9 மில்லிமீட்டர் தடைசெய்யப்பட்ட வகை. சாதாரணக் குடிமகனுக்கு லைசென்ஸ் கிடைக்காது. வேகத்தில் நாட்டமுள்ளவர்களுக்கு இங்கே 25 மீட்டர் ரேபிட் ஃபயர் இருக்கிறது. நான்கே விநாடியில் ஐந்து இலக்குகள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ராணுவ வீரர் விஜய் குமார் வெள்ளி வென்றது இதில்தான்.

கூஜாவும் பயிற்சிதான்

உத்தரப்பிரதேசத்தின் பாக்பத் மாவட்டத்தில் ஜோஹ்ரி என்றொரு கிராமம். பேத்திக்குத் துணையாகச் சுடுதளத்துக்குப் போன சந்திரோ தோமர், 60 வயதைத் தாண்டிய பிறகு பிஸ்டலைக் கையில் எடுத்து முதியோர் போட்டிகளில் பரிசுகளைக் குவித்தார். கைநடுக்கம் போக அவர் வீட்டில் பயன்படுத்திய கருவி, தண்ணீர் நிரப்பிய கூஜா. 2021-ல் அவர் மறைந்தார். அந்தக் கூஜாவின் பாடம் மறையவில்லை.

பத்து மீட்டர் தூரத்தில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. அதைத் தொடுவதற்கு வேண்டியது அசையாத கை, அவசரப்படாத விரல். கிளப் பிஸ்டலில் ஆறு மாதம் பழகட்டும். பெல்லட் இல்லாமல் விசையை மட்டும் இழுக்கும் அலுப்பான பயிற்சியைப் பிள்ளை சலிக்காமல் செய்கிறதா என்று பார்க்கலாம். செய்தால், பயிற்சியாளரை உடன் அழைத்துக்கொண்டு கடைக்குப் போகலாம். செய்யாவிட்டால், இரண்டு லட்சம் மிச்சம்.