தலையில் அடிபட்ட பிள்ளையை யார் கவனிப்பது?

மழைக்காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் வழுக்கி விழுவது புதிதல்ல. பாசி பிடித்த படிகள், கான் ஓரம், லயத்துக்கு இறங்கும் குறுக்குப்பாதை எல்லாமே ஆபத்தானவை. முழங்கால் சிராய்ந்தால் மருந்து போட்டு விட்டுவிடலாம். தலையில் அடிபட்டால் அப்படி விட முடியாது. மண்சரிவினால் இடம்பெயர்ந்து, பிள்ளைகளைப் புதிய பாடசாலையில் சேர்த்திருக்கும் பெற்றோர் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

அடிபட்ட வேகத்தில் மண்டையோட்டுக்குள் மூளை குலுங்குவதையே மூளை அதிர்ச்சி என்கிறோம். இரத்தம் வராமலும் இருக்கலாம். பிள்ளை மயங்கி விழாமலும் இருக்கலாம். தலைவலி, தலைச்சுற்று, வெறித்த பார்வை, கேட்டதையே திரும்பக் கேட்பது ஆகியவை இதன் அடையாளங்கள். ஸ்கான் படத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. "படத்தில் ஒன்றுமில்லை" என்றால் மூளையில் இரத்தக்கசிவு இல்லை என்றே பொருள். பிள்ளை சுகமாகிவிட்டது என்றல்ல.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2006 இல் சக்கரி லிஸ்டெட் என்னும் 13 வயது மாணவன், தலையில் அடிபட்ட பின்னும் அதே ஆட்டத்தில் மீண்டும் இறங்கி, மூளையில் இரத்தம் கசிந்து சாவின் விளிம்புக்குப் போனான். அவனுடைய பெயரால் 2009 இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் எழுந்தாலே பிள்ளையை ஆட்டத்திலிருந்து நீக்க வேண்டும். மருத்துவத் தகுதியுள்ளவர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப ஆட விடக்கூடாது. பாடசாலைத் தாதி இருக்கும் இடங்களில் பிள்ளையைக் கவனித்து, வீட்டுக்கும் ஆசிரியருக்கும் சொல்பவர் அவரே. அங்கும் கிராமப்புறங்களில் ஒரே தாதி பல பாடசாலைகளைப் பார்ப்பதுண்டு. அவர் இல்லாத நாளில் அந்த வேலை ஆசிரியர் கையில்.

நமது அரசாங்கப் பாடசாலைகளில் பொதுவாகத் தாதி இல்லை. சுகாதார வைத்திய அதிகாரியின் குழு பரிசோதனைக்கு வரும். ஆனால் பிள்ளைகள் அந்த நாளாகப் பார்த்து விழுவதில்லையே! கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரி கிட்டவே இருக்கிறது. இங்கே தோட்டத்து டிஸ்பென்சரி, பிறகு டிக்கோயா அல்லது நுவரெலியா ஆஸ்பத்திரி, மூளையில் சத்திரசிகிச்சை என்றால் கண்டி. நுவரெலியாவிலிருந்து கண்டி ஏறத்தாழ 75 கிலோமீற்றர் மலைப்பாதை. ஆகவே இங்கே தாமதம் உயிரோடு விளையாடுவதாகும்.

தாதி செய்யும் வேலையில் பெரும்பகுதி மருந்து கொடுப்பதல்ல. பார்ப்பதும் எழுதுவதும் சொல்வதும்தான். எத்தனை மணிக்கு, எப்படி அடிபட்டது, பிறகு பிள்ளை எப்படி இருந்தது என்று வகுப்பாசிரியர் ஒரு துண்டில் எழுதி வீட்டுக்குக் கொடுக்கலாம். ஆஸ்பத்திரியில் மொழி தெரியாமல் தடுமாறும் தாய்க்கு அந்தத் துண்டே பெருந்துணை. பிள்ளையைத் தனியே நடந்து போகவும் விடக்கூடாது.

மீண்டும் மீண்டும் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, குழறும் பேச்சு, கைகால் சோர்வு, கண்மணிகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாதல், காது மூக்கிலிருந்து நீரோ இரத்தமோ வடிதல், எழுப்பியும் எழும்பாமை ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். தோட்டத்தின் பெயரோடு டிவிஷனையும் சொல்லி, வழிகாட்ட ஒருவரைப் பெரிய ரோட்டுக்கு அனுப்புங்கள். கழுத்து வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையை, வேறு ஆபத்து இல்லாவிட்டால், தூக்காமல் அசைக்காமல் வைத்திருங்கள்.

தலையில் அடிபட்டவனைத் தூங்கவே விடக்கூடாது என்பார்கள். இந்த ஆபத்துக் குறிகள் இல்லாவிட்டால் தூங்கலாம். முதல் இரவில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும். வீக்கத்தை அழுத்தித் தைலம் தேய்ப்பதால் பயனில்லை. அஸ்பிரினும் கொடுக்காதீர்கள்.

ஓரிரு நாள் ஓய்வு போதும். இருட்டறையில் வாரக்கணக்காகப் படுக்க வைக்கும் பழைய முறையை இப்போது வைத்தியர்கள் சொல்வதில்லை. ஒரே மண்டபத்தில் பல குடும்பங்கள் தங்கியுள்ள இடத்தில் அமைதியான மூலை கிடைப்பது சிரமம்தான். அயலவர்களிடம் சொல்லி ரேடியோச் சத்தத்தையாவது குறைக்கலாம். பிறகு கொஞ்சம் நடை, கொஞ்சம் படிப்பு, பாடசாலை என்று படிப்படியாகப் போகட்டும். டொக்டர் சொல்லும்வரை விளையாட்டு மட்டும் வேண்டாம். முதல் அடி ஆறுமுன் இரண்டாவது அடி விழுவது மிக ஆபத்து. பழைய பாடசாலையில் அடிபட்ட பிள்ளை என்றால் புதிய வகுப்பாசிரியருக்கு அது தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் தந்த அட்டையைப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து, நனையாத பையில் வையுங்கள்.