ஓசிப் பியானோவும் ஒன்பது வயதுச் சிறுமியும்

பெங்களூர் கண்டோன்மென்ட் பக்கம் காக்ஸ் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் தெருக்களில் பழைய ஓட்டு வீடுகள் இடிபடும்போது ஒரு சாமான் மட்டும் போக்கிடம் இல்லாமல் நிற்கும். அதுதான் பியானோ. வெள்ளைக்காரர் காலத்தில் கப்பலேறி வந்தவை பல. 1947-க்குப் பின் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பல பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் புறப்பட்டபோது, கட்டில் அலமாரியோடு இவையும் கைமாறின. "தூக்கிக்கொண்டு போனால் போதும், காசு வேண்டாம்" என்று யாராவது சொன்னால், பிள்ளைக்குப் பாட்டு கற்றுக்கொடுக்க ஆசைப்படும் எந்தத் தகப்பனுக்குத்தான் சபலம் தட்டாது?

அப்படித்தான் ஒரு வங்கி ஊழியர் தம் ஒன்பது வயது மகளுக்காக ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். சாமான் ஓசி. ஆனால் இருநூறு கிலோவுக்கு மேல் கனப்பதை மாடி ஏற்ற ஆள் கூலி ஓசி இல்லையே! இரண்டே மாதத்தில் சிறுமி அதன் முன் உட்காரவே மறுத்தாள். டீச்சர் வீட்டில் சரியாக வந்த பாடம், இங்கே கோணலாகக் கேட்டது. தன் விரல்தான் தப்பு செய்கிறது என்று நினைத்து அழுதாள் குழந்தை.

சுருதி கூட்ட வந்த பெரியவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஆரம்பப் பாடம்தானே பெரியவரே, இது போதாதா?" என்றார் தகப்பனார்.

"ஆரம்பப் பிள்ளைக்குத்தான் சார் நல்லது வேணும். தேர்ந்தவன் எதையும் சமாளிச்சுக்குவான்."

பெரியவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பியானோவில் 88 கட்டைகள். உள்ளே சுமார் 230 கம்பிகள். அத்தனையும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு 15 முதல் 20 டன். பழைய நாலு சக்கர கூட்ஸ் வாகன் ஒன்று சுமந்த பாரத்துக்கு அருகில் வந்துவிடும்! ஒவ்வொரு கம்பியும், வீணையில் பிரடை இருப்பதுபோல், ஓர் இரும்பு முளையில் சுற்றியிருக்கிறது. முளைகளைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு மரப்பலகை. பலகை காய்ந்து வெடித்துவிட்டால், இன்று கூட்டிய சுருதி அடுத்த வாரம் இறங்கிவிடும். சிறுமியின் பியானோ அரை ஸ்வரம் இறங்கிக் கிடந்தது. 1939-ல் லண்டனில் கூடி முடிவு செய்த 440 அதிர்வுக் கணக்குக்கு அதை ஏற்றப் பார்த்தால், துருப்பிடித்த கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். பலகையையே மாற்றலாம், செலவு பியானோவின் மதிப்பைத் தாண்டும். அந்தப் பியானோவைக் கைவிடும்படி பெரியவர் சொல்லிவிட்டார்.

இதற்காகப் பழைய பியானோ எல்லாமே ஆகாது என்பதில்லை. நூறு வயதுப் பியானோ நன்றாகப் பாடுவதும் உண்டு. கட்டை மஞ்சளித்திருந்தால் என்ன? அந்துப்பூச்சி அரித்த கம்பளியை மாற்றலாம். மழைக்காலத்தில் ஊதி ஒட்டிக்கொள்ளும் கட்டையைச் சரிசெய்யலாம். முளை தளர்ந்ததும், இரும்புச் சட்டத்தில் விரிசல் விட்டதும்தான் பெரிய வியாதிகள். அப்படிப்பட்டதை ஓசியில் கொடுத்தாலும் வாங்கக்கூடாது.

கூலி ஆளைக் கூப்பிடுமுன் சுருதி கூட்டுபவரைக் கூட்டிப்போய்க் காட்டிவிடுவது நல்லது. 88 கட்டைகளையும் மெதுவாக ஒரு தரம், அழுத்தி ஒரு தரம் தட்டவேண்டும். தட்டிய கட்டை உடனே மேலே வருகிறதா? விரலை எடுத்ததும் சத்தம் நிற்கிறதா? சுருதியை இப்போது கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

சரியானது கிடைக்காவிட்டால், கனமான 88 கட்டைகள் கொண்ட மின்சாரப் பியானோ எவ்வளவோ மேல். பொம்மைபோல் லேசான 61 கட்டைக் கீபோர்டில் விரலுக்குப் பலம் ஏறாது; டிரினிட்டி பரீட்சைக்குப் போய்ப் பெரிய பியானோவில் கை வைக்கும்போது திண்டாட்டம்தான்.

பழையதே வாங்கினால், புது இடத்தில் சில வாரம் நிற்கவிட்டுப் பிறகு சுருதி கூட்டவேண்டும். அதன்பின் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கூட்டுவது அவசியம். வெயில் விழும் ஜன்னலும் ஈரச் சுவரும் ஆகாது. பெடல் பக்கத்துச் சந்தையும் கவனிக்கவேண்டும். கம்பளியைக் கடித்துக் கூடு கட்ட எலிக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.