குதிரைக் கருவின் உலா



ஆலங்காயத்தை விட்டுச் சவ்வாது மலைமேல் ஏறும் சாலை காவலூருக்குச் செல்கிறது. அங்குள்ள வானாய்வுக் கூடத்தில் 1986 முதல் 2.34 மீட்டர் ஆடி பூண்ட பெருந்தொலைநோக்கி இயங்கி வருகிறது. எட்டாத் தொலைவில் இருப்பதைக் காண்பதற்கான கருவி அது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1980-இல், மீயொலிக் கருவியைக் கொண்டு பெட்டைக் குதிரையின் கருப்பையைப் பார்க்கத் தொடங்கினர். மக்கள் ‘ஸ்கேன்’ என்று வழங்குவது இதனைத்தான். கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் அதுவரை எவர் கண்ணுக்கும் படாதிருந்த ஒரு விந்தையான உலா அப்போது வெளிப்பட்டது. அந்த உலாவைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

குதிரை நம் பக்கத்திற்குப் புதியதன்று. ஓசூரை அடுத்த மத்திகிரிப் பண்ணை 1824-இல் தோன்றியதே படைக்குக் குதிரை வளர்ப்பதற்காகத்தான்; கால்நடைப் பண்ணையாக அது மாறியது பிற்காலத்தில். நம் ஊர்களில் ஜட்கா வண்டி ஓடிய காலத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். ஆடி மாதத்து அந்தியூர்ச் சந்தையில் குதிரைகள் இன்றும் கைமாறுகின்றன. ஆயினும், நம் உழவர்கள் நன்கறிந்த விலங்கு மாடே. ஆகவே பசுவை அருகில் நிறுத்திக்கொண்டே குதிரையைக் காண்போம்.

பொலிக்குதிரையோடு சேர்ந்தபின், பெட்டையின் சினைமுட்டை சினைக்குழாயினுள் கருவுறுகிறது. அங்கிருந்து கருப்பையை அடைய ஏறத்தாழ ஆறு நாட்கள் ஆகின்றன. கருவுறாத முட்டைகளை அக்குழாய் வெளியே விடுவதில்லை. அவை மாதக்கணக்கில் அங்கேயே கிடந்து சிதைகின்றன. கருவுற்றது மட்டும் எவ்வாறு வழி பெறுகிறது? அது புரோஸ்டாகிளாண்டின் வகையைச் சேர்ந்த ஒரு பொருளைச் சுரக்கிறது. அச்சுரப்பு பட்டதும் குழாயின் தசை இளகி வழிவிடுகிறது. மணலளவே உள்ள அந்த உயிர், கதவைத் தட்டித் திறக்கச் செய்து உள்ளே நுழைகிறது என்றே சொல்லவேண்டும்.

கருப்பையுள் புகுந்தவுடன் அதனைச் சுற்றி ஒரு மெல்லிய, ஆனால் வலிய உறை உருவாகிறது. பசுவின் கருவுக்கு இத்தகைய உறை இல்லை. அது சில நாட்களில் நூல்போல் நீண்டு கருப்பையை நிறைத்துவிடும். குதிரைக் கருவோ மூன்று வாரம் வரையில் அவ்வுறைக்குள் உருண்டையாகவே இருக்கிறது. கருப்பைச் சுவர் சுரக்கும் பால் போன்ற நீர் உறையின் வழியே ஊறிச் சென்று அதனை ஊட்டுகிறது. பிகானீரில் உள்ள தேசியக் குதிரையின ஆய்வு மையத்தின் பண்ணையில், ஏழரை நாட் கருவை ஒரு குதிரையிடமிருந்து கழுவியெடுத்து மற்றொன்றின் கருப்பையில் வைத்தனர். அதன் பயனாக 2023 மே 19-இல் ‘ராஜ் பிரதமா’ என்னும் மார்வாரிக் குட்டி பிறந்தது. ஏழரை நாள் என்னும் கணக்குக்குக் காரணம் உண்டு. அதற்கு மிக முந்தினால் கரு இன்னும் குழாயில் இருக்கும். மிகப் பிந்தினால் கரு பெருத்து உறையும் தடித்துவிடும். உறைபனியில் வைத்துக் காப்பது அப்போது கடினம்.

இனி உலாவுக்கு வருவோம். குதிரையின் கருப்பை கவட்டைக் கொம்பின் வடிவினது. நடுவே உடல், இருபுறமும் இரு கிளைகள். கரு ஆறாம் நாள் முதல் பதினாறாம் நாள் வரையில் ஓரிடத்தில் தங்குவதில்லை. ஒரு கிளையின் நுனிக்குச் செல்கிறது, திரும்பி உடற்பகுதிக்கு வருகிறது, மறு கிளைக்குப் போகிறது. ஒரே நாளில் பலமுறை இவ்வாறு அலைகிறது. அமெரிக்க அறிஞர் ஓ. ஜே. கிந்தர் 1980-களில் இதனை விரிவாக அளந்து காட்டினார். கருவுக்குக் காலுமில்லை, துடுப்புமில்லை. கருப்பைத் தசையின் அசைவே அதனை உருட்டுகிறது. அவ்வசைவைத் தூண்டும் சுரப்போ கருவிடமிருந்தே வருகிறது.

இந்த அலைச்சல் எதற்கு? சினைமுட்டை வெளிப்பட்ட இடத்தில் மஞ்சட்பொருள் என்றொன்று உண்டாகிறது. சினையைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் அதிலிருந்தே ஊறுகிறது. கரு இல்லையென்றால், இரண்டு வாரமளவில் கருப்பை வேறொரு புரோஸ்டாகிளாண்டினை அனுப்பி மஞ்சட்பொருளைக் கரைத்துவிடும். பெட்டை மீண்டும் பருவத்திற்கு வரும். ஆகையால், “நான் இங்கிருக்கிறேன்” என்று கரு உரிய காலத்தில் அறிவித்தாக வேண்டும். பசுவின் கரு இன்டர்ஃபெரான் வகைப் புரதம் ஒன்றால் அறிவிக்கிறது. பசுவில் அப்பொருள் கருப்பையின் ஒரு பக்கத்திலிருந்து அதே பக்கத்துச் சினைப்பைக்கு நேரே செல்கிறது. எனவே ஒரு பக்கத்தை அடக்கினாலும் போதும். குதிரையில் அது உடல் முழுவதும் ஓடும் குருதியில் கலந்து செல்வதால், கருப்பையின் எந்த மூலையும் விடுபடக் கூடாது. உருண்டையான சிறு கரு வீடு வீடாய்ச் சென்று சொல்லவேண்டியதாகிறது! ஒரு கிளைக்குள்ளேயே அதனைக் கட்டி அடைத்துப் பார்த்த சோதனைகளில் சினை நிலைக்கவில்லை. குதிரைக் கரு சொல்லும் சொல் இன்ன வேதிப்பொருள்தான் என்பது மட்டும் அறிஞர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.

பன்னிரண்டாம் நாள் சுண்டைக்காயளவு இருந்த கரு, பதினாறாம் நாள் நெல்லிக்காயளவு ஆகிறது. கருப்பைச் சுவரும் அப்போது இறுகி விறைக்கிறது. கிளையின் அடியில் உள்ள வளைவைக் கடக்கமாட்டாமல் கரு அங்கே நின்றுவிடுகிறது. ஒட்டிக்கொள்ளவில்லை, சிக்கிக்கொண்டது, அவ்வளவே.

குதிரை வைத்திருப்போர் இந்நாளைக் குறித்துவைத்துக்கொள்வது நன்று. குதிரையின் கருப்பை இரட்டையைத் தாங்க வல்லதன்று. இரு கருவும் நஞ்சுக்கொடிக்கு இடம் போதாமல் நெருக்குண்டு, பெரும்பாலும் பிந்திய மாதங்களில் இரண்டுமே விழுந்துவிடும். தாயின் உயிருக்கும் ஊறு நேரலாம். இரண்டும் உலவிக்கொண்டிருக்கும் பதினான்கு, பதினைந்தாம் நாளில் மருத்துவர் ஸ்கேன் செய்து பார்த்தால், ஒன்றைத் தனியே நகர்த்திக் கையாலேயே நசுக்கிவிட முடியும், மற்றது பிழைக்கும். இரண்டும் ஒரே வளைவில் அடுத்தடுத்து நின்றுவிட்ட பின்னர் அவ்வேலை அரிதாகிவிடும்.

முப்பத்தாறாம் நாளையொட்டி மற்றொரு விந்தை நிகழ்கிறது. கருவைச் சூழ்ந்த பட்டை போன்ற ஒரு வளையத்தின் உயிரணுக்கள் பிரிந்து, தாயின் கருப்பைச் சுவரைத் துளைத்து உட்சென்று, கிண்ணம் போன்ற புண்களாக அமர்கின்றன. சினைக்குதிரையின் குருதியில் ஒரு புதிய ஹார்மோன் மிகுந்திருப்பதைக் கலிபோர்னியாவைச் சேர்ந்த கோல், ஹார்ட் என்னும் இருவர் 1930-இல் கண்டனர். அது தாயின் சுரப்பு என்றே நெடுநாள் கருதப்பட்டது. 1970-களில், இக்கிண்ணங்களே அதனைச் சுரக்கின்றன, அவையோ கருவின் உயிரணுக்கள் என்று கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் நிறுவினார்கள். அந்த ஹார்மோன் தாயின் சினைப்பையில் புதிய மஞ்சட்பொருள்களை எழுப்பிச் சினைக்குத் துணை நிற்கிறது. தாயின் வெள்ளணுக்கள் இவ்வந்நியர்களைச் சூழ்ந்து நின்று, நான்காம் மாதமளவில் அழித்துவிடுகின்றன.

இதில் உழவர் அறிய வேண்டியதும் உண்டு. கிண்ணங்கள் தோன்றியபின் கரு இறந்துபட்டாலும் அவை உடனே மறைவதில்லை. தம் காலம் முடியும் வரை ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. அந்த ஹார்மோனைக் குருதியில் தேடிச் சினையறியும் சோதனை இந்தியாவிலும் உண்டு. உள்ளே குட்டி இல்லாதபோதும் அச்சோதனை ‘சினை’ என்றே காட்டக்கூடும். பெட்டையும் முறையாகப் பருவத்திற்கு வராது. அவ்வாண்டின் இனவிருத்திக் காலமே வீணாகலாம். ஆகையால், சந்தையில் சினைக்குதிரை வாங்குவோர் குருதிச் சோதனைச் சீட்டோடு அமையாமல், குட்டியின் இதயம் துடிப்பதை ஸ்கேனில் நேரே காட்டச் சொல்லிக் கேட்கவேண்டும். அத்துடிப்பு இருபத்தைந்தாம் நாளிலிருந்தே திரையில் தெரியும்.